மந்தையில் கிளித்தட்டு

ஊர்ப் பெயர் வேண்டாம். மேல்மலையில் ஒரு ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும். பெயரைச் சொன்னால் அடுத்த சனிக்கிழமையே இன்னும் நாலு கார் கூடுதலாக வந்து ஊர்ப் பொதுத்திடலான மந்தையில் நிற்கும். இருக்கிற கார்களைப் பார்த்தே மகாதேவிக்கு வயிறெரிந்து கிடக்கிறது.

வயிற்றெரிச்சல் ஆரம்பித்தது கொடைக்கானல் ஆஸ்பத்திரியில். மகள் தமிழ்மதிக்குப் பத்து வயது. ஒருநாள் பூண்டுக்காட்டுக்குச் சாப்பாட்டுத் தூக்கோடு ஏறி வந்த பிள்ளை பாதி மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டது. நெஞ்சு ஏறி இறங்குகிறது, முகம் வெளிறிக் கிடக்கிறது. மலையிலேயே பிறந்து வளர்ந்த பிள்ளைக்கு மேடு ஏற மூச்சு வாங்குகிறதென்றால் இந்தக் கூத்தை யாரிடம் போய்ச் சொல்வது? நெஞ்சில் என்ன கோளாறோ என்று அலறியடித்துக்கொண்டு மகாதேவியும் புருசன் பழனிக்குமாரும், ஒட்டன்சத்திரத்துக்குக் காய் ஏற்றிப் போகிற வண்டியை நிறுத்தி அதிலேயே பிள்ளையை ஏற்றிக்கொண்டு கொடைக்கானலுக்கு ஓடினார்கள்.

டாக்டர் சௌம்யா எல்லாச் சோதனையும் பண்ணிப் பார்த்துவிட்டு, "ஹார்ட் நல்லாருக்கு, பயப்படாதீங்க. ஆனா வெயிட் ஏறிப்போச்சு. ஸ்டாமினா சுத்தமா இல்ல. பாப்பா டெய்லி என்ன விளையாடுது?" என்று கேட்டாள்.

மகாதேவி வாயைத் திறப்பதற்குள் தமிழ்மதிதான் சொன்னாள். "போன்ல விளையாடுவேன்."

"அதான் விசயம். இப்படியே விட்டா சின்ன வயசுலயே சுகர் வந்துரும்மா. எக்ஸர்சைஸ் பண்ணுன்னு மிரட்டாதீங்க, வெறுத்துப்போயிரும். ஜாலியா இருக்கணும். நீங்க ரெண்டு பேரும் கூடச் சேர்ந்து ஓடுங்க, ஆடுங்க. ஃபேமிலியா விளையாடுனா பிள்ளை தானா ஓடும்."

திரும்புகிற வழியெல்லாம் மகாதேவிக்கு டாக்டர் மேல்தான் கோபம். "வெள்ளனே எந்திரிச்சாப் பொழுது சாயிற வரைக்கும் குனிஞ்சு நிமிர்ற சோலி நமக்கு. களை எடுக்குறோம், மூட்டை தூக்குறோம், மேடு ஏறி எறங்குறோம். நம்மளப் பாத்து ஓடுங்க ஆடுங்கங்குது அந்த டாக்டர்ப் பிள்ளை. எம்புட்டுத் தெனாவட்டு!"

"அது தமிழுக்காகச் சொன்னது. விடு," என்றான் பழனிக்குமார்.

விட முடியவில்லை. காரணம், டாக்டர் சொன்னதில் பொய் எங்கே இருக்கிறது? பிள்ளை வேனில் பள்ளிக்கூடம் போகிறாள், வேனில் திரும்புகிறாள். வந்தால் டியூஷன். அது முடிந்தால் குளிருக்குப் போர்வையைப் போர்த்திக்கொண்டு போன். காட்டு வேலைக்கு வராதே, நீயாவது படித்து முன்னுக்கு வா என்று சொல்லிச் சொல்லி மண்ணில் கால் படாமல் வளர்த்தது அவர்கள் இருவரும்தான். யோசிக்க யோசிக்க மகாதேவிக்கு ஆத்திரம் கூடியதே தவிரக் குறையவில்லை.

மறுநாளே பழனிக்குமார் வைத்தியத்தை ஆரம்பித்தான். எப்படி? விடியற்காலை பிள்ளையை எழுப்பி நிறுத்தி, "ம், தோப்புக்கரணம் போடு," என்றான். தமிழ்மதி காதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தாள். கண்ணில் பொலபொலவென்று நீர். "தப்புப் பண்ணுனாத்தான ஸ்கூல்ல தோப்புக்கரணம் போடச் சொல்லுவாங்க? நான் என்னப்பா தப்புப் பண்ணுனேன்?" என்று கேட்டாள். அந்த வைத்தியம் அன்றோடு முடிந்தது.

அடுத்தது ரோடு. மகாதேவி ஒரு பந்தை வாங்கிக்கொண்டு மகளோடு வாசலில் இறங்கினாள். இரண்டு தடவை எறிந்திருப்பார்கள். வளைவில் ஒரு ஜீப் வந்தது, பின்னாலேயே இன்னொன்று. பிள்ளையை இழுத்துச் சுவரோரம் ஒதுங்கினாள். ஜீப்பிலிருந்து ஒரு கறுப்புக் கண்ணாடிக்காரர் தலையை நீட்டி, "ஏம்மா, புத்தி இருக்கா? பிள்ளைய ரோட்டுலயா விளையாட விடுவ? கிரவுண்டுல போய் விளையாடச் சொல்லு," என்று உபதேசம் பண்ணிவிட்டுப் போனார். போனவர் நேராக எங்கே போய் வண்டியை நிறுத்தினார் தெரியுமா? கிரவுண்டில்! அந்த ஊருக்கு இருக்கிற ஒரே கிரவுண்டான மந்தையில்!

மலை ஊரில் சமதரை என்பது சும்மா கிடைக்கிற சரக்கா? இருக்கிற சரிவையெல்லாம் வெட்டிப் படிப்படியாகக் காடு போட்டாயிற்று. ஒரு வெள்ளாமை எடுத்த ஈரம் காய்வதற்குள் அடுத்ததற்குக் கொத்திவிடுவார்கள். பிள்ளைகள் ஓடுவதற்கென்று இருந்தது காளியம்மன் கோயில் முன்னால் இருக்கிற மந்தை ஒன்றுதான். அந்த மந்தைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. செருப்புக் காலோடு யாரும் மிதிக்கக் கூடாது. கலெக்டரே வந்தாலும் ஓரத்துப் பாறையடியில் கழற்றிப் போட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். அம்மன் நடமாடுகிற மண் என்பது நம்பிக்கை.

போன வருசம் ஜெயமுருகன் என்பவன் ஊருக்கு மேலே கூடாரம் போட்டு டூரிஸ்ட்டுகளைத் தங்க வைக்கிற தொழில் ஆரம்பித்தான். கூடாரம் வரைக்கும் கார் ஏறாது. மந்தையில் நிறுத்திக்கொள்ள விட்டால் கோயில் மண்டபத்துக்கு டைல்ஸ் போட்டுத் தருகிறேன் என்று ஊர்ப் பெரியதனம் நல்லசாமியிடம் வந்து நின்றான். ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே! நல்லசாமிக்கு என்ன நோக்காடு? சரி என்றுவிட்டார்.

ஆனால் ஊர்க் கூட்டத்தில் செருப்புப் பேச்சு வந்தது. வருகிறவர்கள் எல்லாம் பூட்ஸ் காலோடு இறங்குவார்களே, அம்மன் சும்மா விடுவாளா என்று ஒருவர் கேட்டார். ஆம்பளைகள் எல்லாம் தலையைச் சொறிந்தார்கள். பொம்பளைகளுக்குத்தான் கூட்டத்தில் இடமே கிடையாதே. அப்போது ஒரு மகா புத்திசாலி எழுந்து, "வண்டிக்குள்ளயே கழட்டி வச்சிட்டு, வெறுங்காலோட எறங்கட்டும்ங்க," என்று தீர்ப்புச் சொன்னான். ஆகா என்று கூட்டம் கலைந்தது. கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவனுக்கு மதி எங்கே போயிற்று?

அன்றிலிருந்து மந்தை வாசலில் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, வேல்ராஜ் என்கிற ஆளை அதனடியில் உட்கார வைத்தார்கள். வருகிற கார்க்காரனிடமெல்லாம், "சாமி எடம்ங்க, செருப்ப உள்ளயே வச்சிட்டு எறங்குங்க," என்பான். அவர்களும் பயபக்தியாக இறங்குவார்கள். கார் மட்டும் மந்தை முழுக்க உழுதுபோட்டுக்கொண்டு, எண்ணெயை ஒழுகவிட்டுக்கொண்டு நிற்கும். பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு போனால், "கண்ணாடி ஒடஞ்சா உங்கப்பனா குடுப்பான்? ஓடுங்கடா!" என்று வேல்ராஜ் விரட்டுவான். பிள்ளைகள் வீட்டுக்குள் போய்ப் போனை எடுத்தார்கள். எடுக்காமல் என்ன செய்யும்?

தீர்ப்புச் சொன்ன அந்தப் புத்திசாலி யார் என்று இத்தனை நாள் மகாதேவிக்குத் தெரியாது. ஜீப்காரர் திட்டிய அன்று ராத்திரிச் சாப்பாட்டில் அவள் பொரிந்து தள்ளியபோது, பழனிக்குமார் தட்டைப் பார்த்தபடியே, "நாந்தான் சொன்னேன்," என்றான்.

"என்னது?"

"ஊரே மலைச்சு ஒக்காந்திருந்துச்சு. ஏதோ வாயில வந்துச்சு, சொன்னேன்."

மகாதேவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த மூளைய வச்சுக்கிட்டா நீங்க என்னயக் கட்டுனீங்க?" என்று கேட்டுவிட்டு, அவன் தட்டில் ஊற்றப்போன ரசத்தை மறுபடி சட்டியிலேயே ஊற்றினாள்.

சனிக்கிழமை கார்கள் வர எப்படியும் பத்து மணி ஆகும். மகாதேவி விடிந்தும் விடியாமலும் மண்வெட்டியோடு மந்தைக்குப் போனாள். டயர் பள்ளங்களை நிரவினாள். பக்கத்து வீட்டு ஜோதிமணியும் வந்து கூடச் சேர்ந்து மண்ணை இழுத்துப் போட்டாள். கோடு போடக் கோலப்பொடி போதவில்லை. மந்தைக்கு எதிர்வீடு நல்லசாமியுடையது. அவர் மனைவி பொன்னுத்தாய் படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தவள், உள்ளே போய் ஒரு பை நிறையக் கோலப்பொடி கொண்டுவந்து கொடுத்தாள். பொன்னுத்தாய்க்கும் சுகர். தினம் நடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பெரியதனம் பெண்டாட்டி சோலி இல்லாமல் தெருவில் நடந்தால் ஊர் சிரிக்கும் என்று நல்லசாமி விடவில்லை. வீட்டுக்குள்ளேயே சுவருக்குச் சுவர் நடந்துகொண்டிருந்தாள் பாவம்.

"என்னடீ மகாதேவி, கிளித்தட்டா?" என்று கேட்டாள்.

"ஆமா மதினி."

"ம்," என்று சொல்லிவிட்டுப் படிக்கே திரும்பிப் போய்விட்டாள்.

நீளமாக ஒரு கட்டம், நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு, குறுக்கே வரிசையாகக் கோடுகள். ஒவ்வொரு குறுக்குக் கோட்டிலும் ஒரு ஆள் மறித்து நிற்பார். கிளி என்கிற ஆள் நடுக்கோட்டிலும் ஓரக் கோடுகளிலும் ஓடி ஓடித் துரத்தும். எதிர்க்கட்சி இவர்கள் கையில் அடிபடாமல் கட்டம் கட்டமாகக் கடந்து போய்த் திரும்ப வேண்டும். இவ்வளவுதான் ஆட்டம். பந்து வேண்டாம், மட்டை வேண்டாம், ஆஸ்பத்திரிச் செலவு வேண்டாம்.

தெருப் பிள்ளைகள் நாலைந்து பேரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். தமிழ்மதி முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றாள். மகாதேவி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோட்டைத் தாண்டப் போனாள். ஜோதிமணி விட்டாளே ஒரு அடி, முதுகில்! "யாத்தே!" என்று மகாதேவி அலறிய அலறலில் தமிழ்மதி விழுந்து விழுந்து சிரித்தாள். அவ்வளவுதான், அடுத்த ஆட்டத்தில் உள்ளே வந்துவிட்டாள். கொஞ்சம் ஓடினாள், மூச்சு வாங்கியது, இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "போதுமா தமிழு?" என்று மகாதேவி கேட்டதற்கு, "பேசாதம்மா, அங்கிட்டு ஆள் தாண்டுது பாரு!" என்று கத்தினாள். மகாதேவி மறிக்க ஓடினாள்.

பத்து மணிக்குக் கார்கள் வந்தன. வேல்ராஜ் விரட்டினான். கோலப்பொடிக் கோட்டின் மேல் டயர் ஏறியது. அன்றைக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். மறுநாளும் அதே கதை. ஆனால் அந்த வாரம் பூராவும் தமிழ்மதி கேட்டது ஒரே கேள்விதான்: "சனிக்கிழமை எப்பம்மா வரும்?" போனைச் சார்ஜில் போட்டுவிட்டு மறந்துகூடப் போனாள்.

அடுத்த சனிக்கிழமை ஊரில் பாதிப் பிள்ளைகள் வந்துவிட்டன, அவர்களைப் பெற்றவர்களும் வந்தார்கள். பழனிக்குமார்கூட அசட்டுச் சிரிப்போடு வந்து ஒரு குறுக்குக் கோட்டில் நின்றான். மஞ்சுமூட்டம் விலக நேரமானதில் யாருக்கும் பொழுது தெரியவில்லை. தமிழ்மதிதான் கிளி. ஆட்டம் சூடாக இருந்த நேரத்தில் வெள்ளைக் கார் ஒன்று கயிற்றைத் தாண்டி உள்ளே வந்து, நடுக்கோட்டின் தலைமாட்டில் நின்று ஹாரன் அடித்தது.

மற்ற பிள்ளைகள் பழக்கதோஷத்தில் சிதறி ஓடின. தமிழ்மதி நகரவில்லை. கோட்டின் மேலேயே நின்றாள். டிரைவர் மறுபடி ஹாரனை அழுத்தி, காரை இன்னும் கொஞ்சம் முன்னால் நகர்த்தினார். பிள்ளையின் வயிற்றுக்கும் காருக்கும் நடுவே ஒரு எட்டுதான் இடைவெளி.

"அடப் பாவி! நிறுத்துய்யா வண்டிய!" மகாதேவி பாய்ந்து வந்து மகளுக்கு முன்னால் நின்று, காரின் மூக்கில் ஓங்கி ஒரு அறை விட்டாள். "மனுசப் பிள்ளை நிக்கிறது கண்ணுக்குத் தெரியல? ஒனக்குப் புள்ள குட்டி இல்லையா?"

வேல்ராஜ் ஓடி வந்தான். கூடாரத்து ஜெயமுருகன் ஓடி வந்தான். சத்தம் கேட்டு எதிர்வீட்டிலிருந்து நல்லசாமியும் வந்தார். செருப்பைப் பாறையடியில் முறைப்படி கழற்றிப் போட்டுவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே நடந்தார்.

"என்ன மகாதேவி இது? பொம்பளைங்க பொடவையத் தூக்கிச் செருகிக்கிட்டு மந்தையில குதிக்கிறது ஊருக்கு அழகா? வந்தவங்க என்ன நெனைப்பாங்க?"

"வந்தவங்க என்ன நெனைக்கிறாங்கன்னு அப்பறம் கேக்கலாம்ண்ணே. மொதல்ல எனக்கு ஒண்ணு சொல்லுங்க. செருப்போட மந்தைய மிதிக்கக் கூடாதுங்கிறது கட்டுப்பாடா இல்லையா?"

"கட்டுப்பாடுதான். அதான் எல்லாரும் கழட்டித்தான எறங்குறாங்க."

"மனுசங்க கழட்டுறாங்க. கார் கழட்டுதா?"

"காரு என்னத்தக் கழட்டும்?"

"டயரு காருக்குச் செருப்பு இல்லாம வேற என்னங்கண்ணே? ஊரு பூராச் சாணியிலயும் சகதியிலயும் மிதிச்சிட்டு வருது. நாலையும் கழட்டிப் பாறையடியில வச்சிட்டு உள்ள வரச் சொல்லுங்க. நான் பேசாம எம் பிள்ளையக் கூட்டிக்கிட்டு வீட்டுக்குப் போயிர்றேன்."

கூட்டத்தில் யாரோ குபீரென்று சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். நல்லசாமிக்கு முகம் கறுத்துவிட்டது. சுற்றிப் பார்த்தார், பழனிக்குமார் அகப்பட்டான்.

"ஏலே மாப்ளே! இந்த யோசனையச் சொன்னதே நீதான? ஒம் பொண்டாட்டிக்கு எடுத்துச் சொல்லு. இல்ல, வீட்டுக்குக் கூட்டிக்கிட்டுப் போ."

பழனிக்குமார் குறுக்குக் கோட்டை விட்டு நகராமலே, "சொன்னது நாந்தான் மச்சான். கிறுக்குத்தனமாச் சொல்லிட்டேன். அதையும் ஒரு யோசனைன்னு ஊரே கேட்டுச்சே, அதத்தான் என்னால நம்ப முடியல," என்றான். மறுபடி சிரிப்பு.

ஜெயமுருகன் கையைப் பிசைந்தான். "அக்கா, நீங்க சொல்றது சரிக்கா. ஆனா வண்டிகள நான் எங்கதான் விடுறது?"

"ரோட்டோரம் இந்த அண்ணன் காடு பூண்டு எடுத்து வெறுமனேதான் கெடக்கு. அங்க விடு."

நல்லசாமி துள்ளிக் குதித்தார். "ஏய், என்ன பேச்சுப் பேசுற? வண்டி ஏறுனா மண்ணு இறுகிப்போகாதா? அடுத்த வெள்ளாமை என்னத்துக்கு ஆகும்?"

மகாதேவிக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது, குரல் மட்டும் இறங்கவில்லை. "ஒங்க மண்ணு இறுகக் கூடாது, எம் பிள்ள ஒடம்பு இறுகிப்போகலாமாண்ணே? பத்து வயசுப் பிள்ளைக்குச் சுகர் வந்துரும்னு டாக்டரம்மா சொல்றாங்க. மேடு ஏற முடியாம நடுவழியில ஒக்காந்துச்சு எம் பிள்ள. ஓட எடம் குடுங்கன்னா டைல்ஸக் காட்டுறீங்க. அந்த டைல்ஸ் மேல எந்தப் பிள்ள ஓடுச்சு, சொல்லுங்க. அம்மனுக்குக் காதிருந்தா அவளே கேப்பா!"

யாரும் சிரிக்கவில்லை. காருக்குள் இருந்த பெண் கண்ணாடியை இறக்கி, டிரைவரிடம் என்னவோ சொன்னாள். அவள் மடியிலிருந்த சின்னப் பையன் கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரைவர் காரைப் பின்னுக்கு எடுத்தார். ஜெயமுருகன் முன்னால் ஓடி, அதை ரோட்டோரமாக ஒதுக்கிவிட்டான்.

"அப்ப ஊரு கூடிப் பேசுன கட்டு? நான் இவனுக்குக் குடுத்த வாக்கு?" என்று நல்லசாமி கேட்டார். "கூட்டம் போட்டுத்தான் முடிவு பண்ணணும்."

"போடுங்க. பொம்பளைங்க நாங்களும் வருவோம்," என்றாள் மகாதேவி.

"அது எந்த ஊர் வழக்கம்?"

பதில் எதிர்வீட்டுப் படியிலிருந்து வந்தது. பொன்னுத்தாய் இறங்கி வந்துகொண்டிருந்தாள். பாறையடியில் தன் செருப்பைப் புருசன் செருப்புக்குப் பக்கத்தில் விட்டாள். "வழக்கத்தப் பெறகு பேசுங்க. இப்ப வழிய விடுங்க," என்று சொல்லி அவரைத் தாண்டிக் கட்டத்தடியில் போய் நின்றாள். "ஏய் தமிழு, நான் இந்தப் பக்கம். ஆட்டத்தப் போடு."

"அத்தை, ஒங்களுக்கு ஓட முடியுமா?"

"ஓடிப் பாத்தாத்தான தெரியும்?"

நல்லசாமி வாயைப் பிளந்துகொண்டு பின்வாங்கிப் பாறைப் பக்கம் போனார். பொன்னுத்தாய் பழனிக்குமாருக்கு வலப்பக்கம் போகிற மாதிரி போக்குக் காட்டி, இடப்பக்கம் புகுந்து முதல் கட்டத்தைத் தாண்டினாள். ஊரே ஓவென்று கத்தியது. இரண்டாவது கட்டத்தையும் தாண்டினாள். மூன்றாவதில் தமிழ்மதி நடுக்கோட்டில் பறந்து வந்து முதுகில் ஒரு அடி வைத்தாள்.

"அத்தை அவுட்டு!"

"படவே இல்லடீ! காத்துத்தான் பட்டுச்சு!"

"பட்டுச்சு! பளார்னு பட்டுச்சு! அழுகுணி ஆட்டம் ஆடாதீங்கத்தை!"

பாறையடியில் நின்றவருக்குப் பொறுக்கவில்லை. "பட்டுச்சுடீ பொன்னு! நான் பாத்தேன்!" என்று இரண்டு கையையும் தூக்கிக் கத்தினார் நல்லசாமி.

பொன்னுத்தாய் திரும்பிப் பார்த்தாள். மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது, முகமெல்லாம் சிவந்து கிடந்தது. "கல்யாணம் கட்டுன நாள்லருந்து நீங்க சொன்ன எடத்துலதான் நின்னேன். இன்னைக்கு இந்தக் கட்டத்துலதான் நிப்பேன். ஒங்க சோலியப் பாருங்க!"

ஊரே நல்லசாமி முகத்தைப் பார்த்தது. தமிழ்மதி மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. நடுக்கோட்டில் காலை அகட்டி நின்றுகொண்டு, வேர்வையைப் புறங்கையால் துடைத்துவிட்டு, மந்தைக்கே கேட்கிற மாதிரி கத்தினாள்.

"பெரியதனம் வீட்டு அத்தைன்னா மட்டும்? அவுட்டுன்னா அவுட்டுதான்!"